ஓலையும் படைப்பட்டியலும்: காங்கேயத்து முன்னோரைத் தேடும் நெறி

முன்னுரை

தந்தையின் தந்தை பெயரை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய தந்தை பெயரை வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டிருப்போம். அதற்கும் அப்பால் சென்றால் நம்மில் பலர்க்கு எஞ்சுவது ஒரு வீட்டுப்பெயரும் ஒரு கதையும் மட்டுமே. "நம் முன்னோர் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார், பர்மாவுக்குப் போனார்" என்பது போன்ற கதைகள் கொங்கு நாட்டு இல்லங்களில் இன்றும் வழங்குகின்றன. அவர் எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்த ஆண்டில் சென்றார், திரும்பி வந்தாரா என்னும் வினாக்களுக்குக் கதை விடை தருவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரின் வாழ்வை அறிய இரு வாயில்கள் உள்ளன. ஒன்று, குடும்பம் காத்த ஓலை, பட்டயம், வாய்மொழி ஆகியவை. மற்றொன்று, படைத்துறை எழுதி வைத்த ஏடுகள். குடும்ப நினைவு மனிதரை அறியும், நாளை மறக்கும். படை ஏடு நாளை அறியும், மனிதரை அறியாது. இவ்விரண்டையும் ஒன்றையொன்று கொண்டு சோதிக்கும்போதே மெய்யான வரலாறு கிட்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை விளக்கக் காங்கேயம் மண்ணில் பிறந்த தீரன் சின்னமலையின் வாழ்வை முதற்கண் எடுத்துக்கொள்வோம். பின்னர், புகழ் பெறாத எளிய சிப்பாய் ஒருவரைத் தேடும் வழியைக் காண்போம்.

குடும்ப மரபு கூறுவன

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர் சின்னமலை. இயற்பெயர் தீர்த்தகிரி. இரத்தினசாமி, பெரியாத்தா இணையரின் மகன். பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சார்ந்தவர். தம்பியர் உடன்நின்று போரிட்டனர். கருப்பசேர்வை தளபதியாய் விளங்கினார். சமையற்காரன் நல்லப்பன் காட்டிக் கொடுத்தான். சங்ககிரி மலைக்கோட்டையில் 1805-இல் தூக்கிலிடப்பட்டார். இவையெல்லாம் மரபு வழியாக நம்மை வந்தடைந்த செய்திகள்.

உறவு, குலம், ஊர், நட்பு, வஞ்சகம் ஆகியவற்றை மரபு எத்துணை நுட்பமாகக் காத்துள்ளது என்பதை இங்குக் காண்கிறோம். எதிரியின் ஏட்டுக்குச் சமையற்காரனின் பெயர் ஒரு பொருட்டன்று. ஊராருக்கோ அப்பெயர் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை.

பெயர்களும் சான்றாகும். தம்பியருள் ஒருவர் கிலேதார் என வழங்கப்படுகிறார். 'கில்லேதார்' என்பது கோட்டைத் தலைவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். மைசூர் ஆட்சியில் வழங்கிய படைப்பதவிப் பெயர் ஒன்று கொங்கு வேளாளர் இல்லத்துக்குள் புகுந்திருப்பது, அக்காலக் கொங்கு நாட்டின் அரசியல் உறவை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது.

மரபுக்குள்ளேயே சில முடிச்சுகளும் உண்டு. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லுக என்றார். அதனாலேயே அப்பெயர் பெற்றார் என்பது ஒரு கதை. அதே சின்னமலை திப்பு சுல்தானோடு நட்புப் பூண்டு, 1799-இல் மழவல்லியிலும் சீரங்கப்பட்டணத்திலும் கம்பெனிப் படையை எதிர்த்தார் என்பது மற்றொரு செய்தி. முதற்கதையில் மைசூர் பகை; இரண்டாவதில் மைசூர் நட்பு. இதனை முரண் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் ஐதர் காலத்து வரிப்பூசலுக்கும் 1799-இன் பேரிடருக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், நாடு முழுவதும் கம்பெனியின் கைக்குப் போகும் வேளையில் பழைய பிணக்கு பின்தள்ளப்பட்டது இயல்பே எனத் தோன்றும். கதைகளை ஆண்டு வரிசையில் நிறுத்தினாலே பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நாட்கணக்கை ஒப்பிடுதல்

ஆண்டு வரிசை காண்பதற்கு நாட்கணக்கு அறிவு இன்றியமையாதது. பழைய ஆவணங்களில் குறைந்தது நான்கு கணக்குகள் விரவி வரும்: அறுபது ஆண்டுச் சுழற்சி, பசலி, ஹிஜ்ரி, ஆங்கில ஆண்டு. ஓலையில் 'குரோதன வருடம் ஆடி மாதம்' என்று மட்டும் இருப்பின் அது 1745, 1805, 1865 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். குறிக்கப்பட்ட மனிதர் யாவர், அரசு யாது என்பதை வைத்தே உரிய சுழற்சியைத் துணிதல் வேண்டும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1215 என்பது 1805-இல் தொடங்கியது.

சின்னமலை தூக்கிலிடப்பட்ட நாள் ஜூலை 31 என்று நூல்கள் குறிக்கின்றன. 2005-ஆம் ஆண்டு அந்நாளிலேயே அஞ்சல் துறை அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஊராரோ ஆடிப் பதினெட்டு என்கின்றனர். இன்றைய நாட்காட்டியில் ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு 2 அல்லது 3-இல் வருகிறது. எனவே இரண்டில் ஒன்று பிழை என எண்ணத் தோன்றும். ஆயின் தமிழ் ஞாயிற்றாண்டு ஆங்கில ஆண்டினும் சற்றே நீண்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதப்பிறப்பு ஆங்கில நாட்காட்டியில் முன்னோக்கி நகர்ந்து வந்துள்ளது. இருநூறு ஆண்டுக்கு முன் சென்று கணக்கிட்டால் 1805-இல் ஆடிப் பதினெட்டு ஜூலைத் திங்களின் இறுதியிலேயே விழும். ஊர் நினைவும் ஏட்டுக் கணக்கும் இவ்வாறு பொருந்துவது, மக்கள் மரபை எளிதில் தள்ளிவிடலாகாது என்பதற்குத் தக்க சான்றாகும்.

இன்னொரு சான்றும் காண்போம். கோயம்புத்தூர்க் கோட்டையைக் கைப்பற்ற 1800 ஜூன் 3-ஆம் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளை ஹிஜ்ரிக் கணக்கில் நோக்கினால் 1215 முஹர்ரம் பத்து எனக் கிடைக்கிறது. கோட்டையினுள் இருந்த முஸ்லிம் சிப்பாய்களின் துணையை நம்பியே அத்திட்டம் வகுக்கப்பட்டது. முஹர்ரம் நாளைத் தேர்ந்தது தற்செயல் அன்று என்பது நாட்கணக்கால் விளங்குகிறது. திட்டம் வெளிப்பட்டுத் தோல்வியுற்றது. படைமன்ற விசாரணைக்குப் பின் நாற்பதுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். கே. இராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூல் இக்காலத்துப் போராட்டங்களைக் கம்பெனி ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்ந்துள்ளது. வேளாளரும் முஸ்லிம்களும் ஒரே கயிற்றில் உயிர்விட்ட அச்செய்தி கொங்கு நாட்டார் அனைவர்க்கும் பொதுச்சொத்தாகும்.

படை ஆவணங்கள் எங்கே உள்ளன

கம்பெனி ஆட்சி தாளில் நடந்த ஆட்சி. கோட்டைத் தலைவர் எழுதிய மடல், கலெக்டர் எழுதிய அறிக்கை, ஆளுநர் குழுவின் முடிவு ஆகிய அனைத்தும் படியெடுக்கப்பட்டன. ஒரு படி சென்னையில் தங்கியது. மற்றொன்று கப்பலேறி இலண்டன் சென்றது. சென்னையில் இருந்தவை எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் கட்டடத்தில் உள்ளன. 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' என வழங்கிய அது 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றது. இலண்டன் சென்றவை இன்று பிரித்தானிய நூலகத்தில் இந்தியா அலுவலகப் பதிவுகளாகப் பேணப்படுகின்றன. ஓரிடத்தில் செல்லரித்த ஏட்டின் படி மற்றோரிடத்தில் நலமாய் இருத்தல் கூடும்.

தேடுவோர் மாவட்ட எல்லைகளை மறத்தலாகாது. சின்னமலை பிறந்த மேலப்பாளையம் இன்று திருப்பூர் மாவட்டம். கோட்டை கட்டிய ஓடாநிலை ஈரோடு மாவட்டம். உயிர்நீத்த சங்ககிரி சேலம் மாவட்டம். அன்றும் கோயம்புத்தூரும் சேலமும் வேறு வேறு ஆட்சிப் பகுதிகளே. சேலம் பகுதி 1792-இலேயே கம்பெனிக்குப் போயிற்று. கோவைப் பகுதி 1799-இல் போயிற்று. ஆகவே ஒருவரின் பிறப்பை ஒரு தொகுதியிலும் இறப்பை மற்றொரு தொகுதியிலும் தேட வேண்டியுள்ளது. காங்கேயம் முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தில் தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1979-இல் பெரியார் மாவட்டத்துக்குச் சென்றது. அதுவே பின்னர் ஈரோடு மாவட்டம் ஆயிற்று. 2009 முதல் காங்கேயம் திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. ஊர் ஓரிடத்திலேயே இருக்க, அதன் தாள்கள் பல இடங்களுக்குச் சென்றுள்ளன.

பெயரெழுத்தும் இடர் தரும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறே எழுதினர். காங்கேயமா, காங்கயமா என்பதில் நமக்கே இன்றும் இருவகை வழக்கு உண்டு. எனவே ஒரு பெயரைத் தேடுவோர் அதனை ஆங்கிலேயர் நாவில் வைத்து ஒலித்துப் பார்த்து, ஐந்தாறு வடிவங்களிலேனும் தேடுதல் வேண்டும்.

ஒரு பெயரைச் சோதித்தல்

கர்னல் மேக்ஸ்வெல் என்பாரைச் சின்னமலை வென்றார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. இதனை எவ்வாறு சோதிப்பது? ஐரோப்பிய அதிகாரிகளைப் பற்றிய பதிவுகள் மிக விரிவானவை. ஆயின் முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். கம்பெனியின் அதிகாரி வேறு. மன்னர் படையின் அதிகாரி வேறு. கம்பெனி அதிகாரிகளைக் கம்பெனிப் படைப்பட்டியல்களில் காணலாம். மன்னர் படையினரை இங்கிலாந்துப் போர்த்துறைத் தாள்களில் காணவேண்டும். மேக்ஸ்வெல் என்னும் பெயருடையோர் ஒருவர்க்கு மேற்பட்டோர் இந்நாட்டில் பணிபுரிந்தனர். அவருள் 19-ஆம் இலகு குதிரைப்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல் மன்னர் படையினர்; 1803 செப்டம்பர் 23-இல் அசாயிப் போரில் மாண்டவர்.

ஆகவே மேக்ஸ்வெல் என்ற பெயர் கிடைத்த அளவில் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. எந்த மேக்ஸ்வெல், எந்தப் படை, அந்த ஆண்டில் அப்படை எங்கு முகாமிட்டிருந்தது என்று மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பொருந்தவில்லையெனில் பெயர் மட்டும் மாறியிருக்கலாம். போர் நடந்தது பொய்யாகிவிடாது. நம் தலைவரின் வீரம் ஒரு வெள்ளையரின் பெயரை நம்பி நிற்கவில்லை.

கம்பெனிப் படையில் நம்மவர்

இனி எளிய சிப்பாயிடம் வருவோம். ஓடாநிலைக்கு எதிராக வந்த படையில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். சென்னைப் படையின் சிப்பாய்கள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமே. வயிற்றுப் பிழைப்பும், திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் வேலையற்றுப் போன போர்த்தொழிலும் பலரை அங்கு இட்டுச் சென்றன. 'இராவுத்தர்' என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பது. அருணகிரிநாதர் முருகனை அச்சொல்லால் விளித்ததை நாம் அறிவோம். போர்த்தொழில் மரபினர் வாழ்ந்த மண்ணில் ஒருவர் கம்பெனிச் சீருடை அணிந்ததில் வியப்பில்லை.

வெள்ளை அதிகாரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய ஏடு, சிப்பாய்க்கு ஒரு வரிதான் ஒதுக்கியது. பெயர், வயது, உயரம், சாதி, ஊர் என்னும் குறிப்புகள் படைப்பிரிவின் ஆட்பட்டியலில் எழுதப்பட்டன. அப்பட்டியல்களுள் அழிந்தவை பல. எனவே அந்த ஒரு வரியை வேறு இடங்களிலும் தேட வேண்டும். ஓய்வூதியம் கலெக்டர் அலுவலகக் கருவூலத்தில் வழங்கப்பட்டதால் அது வருவாய்த்துறைத் தாள்களில் இடம்பெறலாம். கடல் கடந்து மாண்டவரின் வாரிசுக்கு உதவித்தொகை அளிக்கப்பட்டபோது மனைவி அல்லது தாயின் பெயர் பதிவில் ஏறியது. பெண்கள் பெயர் அரிதாகக் கிட்டும் அக்காலத்தில் இது பெருஞ்செல்வம்.

சென்னைப் படையில் சிப்பாயின் குடும்பம் படைக்குடியிருப்பிலேயே உடன் வாழ்ந்தது. சிப்பாயின் மகன் சிறுவனாகவே படையில் சேர்க்கப்படுவதும் உண்டு. ஆகவே காங்கேயத்தார் மகன் வேலூரிலோ பெங்களூரிலோ மௌல்மீனிலோ பிறந்திருக்கலாம். பிறந்த ஊர் வேறு என்பதால் 'இவர் நம்மவர் அல்லர்' என விலக்குதல் பிழையாகும்.

பதக்கமும் பேசும். 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போருக்குக் கம்பெனி இந்திய வீரர்க்கு வழங்கிய பதக்கத்தில் வீரர் பெயர் இராது. 1854-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுப்பணிப் பதக்கத்திலோ விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. பெட்டியில் கிடக்கும் பழைய பதக்கத்தை எடைக்குப் போடுமுன் அதன் விளிம்பை ஒருமுறை ஒளியில் பார்த்தல் நலம்.

எண் மாறிய பட்டாளங்கள்

'பட்டாளம்' என்னும் சொல் ஐரோப்பியரிடமிருந்து வந்து தமிழாயிற்று. பட்டாளத்தின் எண்ணே தேடுவோரை மிகுதியும் மயக்குவது. 1824-இல் இரட்டைப் பட்டாள முறை நீங்கி எண்கள் மாறின. 1895-இல் மாகாணப் படைகள் என்னும் அமைப்பு ஒழிந்தது. 1903-இல் கிச்சனர் காலத்துச் சீரமைப்பில் சென்னைக் காலாட்படைகளின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3-ஆம் பாளையங்கோட்டைப் படை 63 ஆயிற்று. 23-ஆம் வாலாஜாபாத் படை 83 ஆயிற்று.

இவற்றினும் உருக்கமான மாற்றம் ஒன்று உண்டு. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தனர். திப்புவின் மக்கள் சிறையிருந்த கோட்டை அது. புதிய தலைப்பாகை ஆணை சமய உணர்வைப் புண்படுத்தியது உடனடிக் காரணம். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை கிளர்ச்சியை நசுக்கியது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அதன்பின் 1, 23 என்னும் எண்கள் படைப்பட்டியலினின்றே நீக்கப்பட்டு, 24, 25 என்னும் புதிய எண்கள் வந்தன. 1817 நவம்பரில் சீதாபல்டிப் போரில் நிலைத்து நின்ற 24-ஆம் படையின் முதற்பட்டாளத்தார் தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தருமாறு வேண்டிப் பெற்றனர். ஒரே மனிதர் இடம் பெயராமலே ஒன்றிலும் இருபத்துநான்கிலும் மீண்டும் ஒன்றிலும் பணிபுரிந்திருக்கக் கூடும். எண் மாறிய வரலாற்றை அறியாதார் அவரை மூவராக எண்ணிவிடுவர்.

உள்ளூர்ச் சான்றுகள்

படை ஏட்டில் கண்ட வரி நம் முன்னோருக்கு உரியதே எனத் துணிய உள்ளூர்ச் சான்று வேண்டும். 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் இதற்குப் பெரிதும் பயன்படும். மானியம் பெற்ற முதல்வர், அப்போது அனுபவித்தவர், அவர்தம் வயது, முன்னவரோடு உள்ள உறவு ஆகியன அவற்றில் உண்டு. கோயில், பள்ளிவாசல், தர்கா ஆகியவற்றின் மானியங்களும் அவற்றில் அடங்கும். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் மணமகன், மணமகள், தந்தையர், சாட்சியர் பெயர்களைத் தரும். வேளாளர் இல்லங்களில் காணிப் பட்டயங்களும் செப்பேடுகளும் உள்ளன. ஈரோட்டுப் புலவர் செ. இராசு ஊர் ஊராகச் சென்று இத்தகைய கொங்குச் சமுதாய ஆவணங்களைத் திரட்டி அச்சேற்றிய பணி என்றும் நன்றிக்குரியது.

வாய்மொழிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நபிமொழிக் கலையில் 'இஸ்னாத்' எனும் அறிவிப்பாளர் தொடரை நாம் அறிவோம். யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கக் கூடுமா என்று அக்கலை ஆராய்கிறது. குடும்பக் கதைக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம். "பாட்டி சொன்னார்" என்று எழுதி நிறுத்தாமல், பாட்டி யாரிடம் கேட்டார், அப்போது அவர் அகவை என்ன என்றும் எழுதுதல் வேண்டும். நான்கு கண்ணி கொண்ட தொடர் 150 ஆண்டுகளை எளிதில் கடந்துவிடும்.

ஒரே பெயர் என்பதால் ஒரே மனிதர் எனக் கொள்ளுதல் பெரும் பிழை. சேக், சையது, முகமது என்னும் பெயர்கள் ஒரு படைப்பிரிவிலேயே பலருக்கு இருக்கும். பெயர், தந்தை பெயர், ஊர், காலம் என்னும் நான்கில் மூன்றேனும் பொருந்தினாலன்றி உறவு கொண்டாடுதல் தகாது. பொருந்தாத இடத்தை வெற்றிடமாகவே விடுதல் ஆய்வு அறமாகும். பொய்யான ஒரு முன்னோரைச் சூட்டிக்கொண்டால் மெய்யான முன்னோர் என்றென்றும் மறைந்துபோவார்.

முடிவுரை

இத்தேடலின் முடிவு நாம் விரும்பியவாறே அமையும் என்பதற்கில்லை. சின்னமலைப் படையில் இருந்தார் என எண்ணிய முன்னோர், அவரை எதிர்த்த படையில் இருந்தார் என ஏடு சொல்லலாம். வேலூரில் மடிந்தார் என எண்ணியவர் ஓய்வூதியம் பெற்று முதுமையில் ஊரில் இறந்தார் எனத் தெரியவரலாம். எதுவாயினும் அதனை மறைத்தலும் நாணுதலும் வேண்டா. பசியும் கடனும் குடும்பப் பொறுப்பும் மனிதரை எத்திசைக்குச் செலுத்தின என்பதை அறிவதும் வரலாற்றறிவே. 1806-இல் வேலூரில் வீழ்ந்த சிப்பாய்களும் சிலகாலம் அதே கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவர்களே அல்லரோ?

ஆவணங்கள் காப்பகத்தில் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திரார். எனவே மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. இவ்விடுமுறையில் வீட்டின் மூத்தவர் அருகில் அமர்ந்து, அவர் அறிந்த பெயர்களை உறவு முறையோடு ஓர் ஏட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் அடியில் குறியுங்கள். பிற்காலத்தில் உங்கள் பேரப்பிள்ளைகள் எழும்பூரில் ஒரு படைப்பட்டியலைப் புரட்டும்போது, அதில் உள்ள ஒரு வரி யாருடையது என்பதை அந்த ஏடே சொல்லும்.